கேம் விலை அங்கேயே நிக்குது, செலவு மட்டும் எகிறுது!

ஜப்பான் வீடியோ கேம் கம்பெனிங்க பத்தி போன இதழ்ல ரெண்டு வரி தான் எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்க ஒரு பை நிறைய. அதனால இந்த வாரம் முழுக்க அதே தான், சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: ஜப்பான்ல நிண்டெண்டோவோட மாரியோ கார்ட் வேர்ல்டு கேமை டவுன்லோடா இல்லாம கடையில பெட்டியா வாங்கினா 9,980 யென்னாமே. இது பகல் கொள்ளை இல்லையா சார்?

பதில்: கொள்ளைனு சொல்றதுக்கு முன்னாடி 1994-க்கு ஒரு நடை போயிட்டு வாங்க. அந்த வருஷம் நிண்டெண்டோவோட சூப்பர் ஃபாமிகாம் மெஷின்ல வந்த ஃபைனல் ஃபேன்டஸி 6 விலை 11,400 யென். அடுத்த வருஷம் வந்த க்ரோனோ ட்ரிகர், அதுவும் 11,400 தான். முப்பது வருஷம் கழிச்சு இப்ப வர்ற கேம் அதை விட சீப்பு!

அப்ப ஏன் அவ்வளவு விலைனா கார்ட்ரிட்ஜ் தான் காரணம், அதாவது மெஷின்ல சொருகுற பிளாஸ்டிக் டப்பா. உள்ள இருக்குற மெமரி சிப் விலை ஜாஸ்தி, கேம் பெருசாக பெருசாக சிப்பும் பெருசு, அதுக்கு மேல கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோ மூலமா தான் தயார் பண்ணணும், காசை முன்கூட்டியே கட்டணும், விக்கலைனா அத்தனையும் கோடவுன்ல தூங்கும், பொழச்சவன் பொழச்சான். 1994 டிசம்பர்ல சோனி பிளேஸ்டேஷனோட வந்து சிடியில கேம் போட்டாங்க பாருங்க, அங்க தான் கதை மாறுச்சு. சிடி அடிக்கிற செலவு ரொம்ப கம்மி, சரக்கு தீர்ந்தா சீக்கிரமே திரும்ப அடிச்சுக்கலாம். 1997 ஜனவரியில ஃபைனல் ஃபேன்டஸி 7 மூணு சிடியில வந்துச்சு, விலை 6,800 யென். அதை பண்ண ஸ்கொயர் கம்பெனி இதுக்குனே டிஜிக்யூப்னு தனியா ஒரு கம்பெனி வச்சு, பால் வாங்கப் போற கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயே கேமை வித்தாங்க. அன்னைக்கு கீழ வந்த விலை ரொம்ப வருஷத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம், எட்டாயிரத்துலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. நடுவுல ஜப்பான்ல எந்த சாமான் விலையுமே பெருசா ஏறலைங்குறதும் ஒரு காரணம்.

கேள்வி: விலை ஏறலை சரி, தயாரிப்பு செலவு எவ்வளவு ஏறியிருக்கும்?

பதில்: ஜப்பான் கேம் கம்பெனி காப்காமோட பிரசிடென்ட் ஹருஹிரோ சுஜிமோட்டோ 2023 டோக்கியோ கேம் ஷோ சமயத்துல வாயத் திறந்தே சொல்லிட்டாரு, 80-கள்ல வந்த ஃபாமிகாம் மெஷின் காலத்தோட ஒப்பிட்டா செலவு சுமார் 100 மடங்கு, விலை மட்டும் அந்த அளவுக்கு ஏறவே இல்லை, கேம் விலை ரொம்ப கம்மியா இருக்குனு. விக்கிறவரே விலை கம்மினு சொல்றாரேனு சிலர் சிரிச்சாங்க, ஆனா கணக்கு போட்டுப் பாத்தா மனுஷன் சொல்றது நியாயமா தான் இருக்கு.

நாமளே ஒரு கணக்கு போடுவோம். காப்காம்ல புதுசா சேர்ற பட்டதாரிக்கு 2025-ல இருந்து மாச சம்பளம் 3 லட்சம் யென், அதுக்கு முன்னாடி 2,35,000. வருஷத்துக்கு 36 லட்சம். அனுபவம் உள்ளவங்களை எல்லாம் விடுங்க, வெறும் புதுசா சேர்ந்தவங்களையே 100 பேரை வச்சு 5 வருஷம் ஒரு கேம் பண்றோம்னு வைங்க, சம்பளம் மட்டும் 180 கோடி யென். போனஸ், இன்சூரன்ஸ், ஆபீஸ் வாடகை, கம்ப்யூட்டர், விளம்பரம் எதுவும் இதுல இல்ல. 8,000 யென் கேம் ஒண்ணு டவுன்லோடா வித்தா ஆன்லைன் கடை நடத்துறவங்க வழக்கமா எடுக்குற 30 சதவீதம் போக கைக்கு 5,600 வரும், அப்ப 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல வித்தா தான் அந்த சம்பளமே திரும்பும். ஃபாமிட்சு பத்திரிகை வாரா வாரம் போடுற விற்பனை பட்டியல்ல பத்தாவது இடத்துல இருக்குற கேம், சாதாரண வாரத்துல சில ஆயிரம் காப்பி தான் போகும். இப்ப புரியுதா!

உண்மையான பெரிய பட்ஜெட் எவ்வளவுனு உலகத்துக்கு தெரிஞ்சது ஒரு காமெடியால தான். 2023 ஜூன்ல அமெரிக்காவுல மைக்ரோசாஃப்ட் மேல நடந்த கேஸ்ல சோனி கொடுத்த பேப்பர்ல ரகசியத்தை மார்க்கர் பேனாவால கறுப்படிச்சிருந்தாங்க, ஸ்கேன் பண்ணதும் மை வழியா எழுத்து பளிச்சுனு தெரிஞ்சுடுச்சு. சோனிக்காக அமெரிக்க ஸ்டூடியோ பண்ண தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்கு 22 கோடி டாலர், ஐரோப்பாவுல பண்ண ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்டுக்கு 21.2 கோடி டாலர். ஜப்பான் கம்பெனிங்க போட்டி போட வேண்டியது இந்த மாதிரி கேமுங்களோட தான்.

கேள்வி: எல்லாம் கிராபிக்ஸ் ஆசையால வந்த வினை தானே?

பதில்: பாதி சரி. 1985 சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட், இடம் பத்தாம மேலே இருக்குற மேகத்துக்கும் கீழ இருக்குற புதருக்கும் ஒரே படத்தை போட்டு கலரை மட்டும் மாத்திட்டாங்க, போய் பாருங்க. இன்னைக்கு ஊருக்குள்ள சும்மா நடந்து போற ஒரு பாட்டியை வைக்கணும்னா கூட முகம் ஒருத்தர் செய்யணும், துணி ஒருத்தர், நடக்குற விதம் ஒருத்தர், ஜப்பானிய குரல், இங்கிலீஷ் குரல், உதட்டசைவு, பத்துக்கு மேல மொழியில சப்டைட்டில், அந்த பாட்டி சுவத்துக்குள்ள மாட்டிக்கிறாளானு டெஸ்ட் பண்ண ஒரு ஆளு. மெஷின் பவர் கூடக் கூட வேலை குறையும்னு நினைப்போம், இங்க ஆளு தான் கூடுது, வருஷமும் கூடுது. செலவுங்கறது பெரும்பாலும் சம்பளம் தாங்க.

கேள்வி: அதிகமா செலவு பண்ணி மாட்டிக்கிட்ட ஜப்பான் கேம் எது?

பதில்: ஷென்மூ. 1999 டிசம்பர், சேகா கம்பெனியோட ட்ரீம்காஸ்ட் மெஷின்ல. பண்ண யூ சுஸுகியே பின்னாடி சுமார் 4.7 கோடி டாலர்னு சொன்னாரு. கதை யோகோசுகா ஊர்ல 1986-ல நடக்குதுனு, அந்த வருஷம் அங்க அடிச்ச வெயில், மழை, பனி ரெக்கார்டை தேடி எடுத்து கேம்ல போட்டாங்க! வித்தது 12 லட்சம் பக்கம். செலவு கம்மியா இருந்திருந்தா அது ஹிட்டு, ஆனா மொத்தம் 90 லட்சம் சொச்சம் மட்டுமே வித்த மெஷின்ல அவ்வளவு பணத்தை எப்படி எடுக்குறது? 2001 ஜனவரியில சேகா மெஷின் தயாரிப்பையே விடுறதா அறிவிச்சுட்டாங்க, இந்த ஒரு கேம் தான் காரணம்னு சொல்றது அநியாயம், ஆனா பாரத்துல அதுவும் உண்டு.

கேள்வி: ஜப்பான் வார பட்டியலை பாத்தா முழுக்க நிண்டெண்டோ தான் இருக்கு. சோனி சொந்த ஊர்லயே செத்துடுச்சா?

பதில்: அந்த பட்டியல் எண்ணுறது கடையில விக்கிற பெட்டியை மட்டும் தாங்க, டவுன்லோடு கணக்குல வராது, பிசிக்கு ஸ்டீம்ங்குற ஆன்லைன் கடையில வாங்கறதும் வராது. தாத்தா பாட்டி பேரனுக்கு பிறந்தநாள் பரிசுனு கொடுக்கணும்னா கையில பெட்டி வேணும், அதனால குழந்தைங்க கேம் பட்டியல்ல மாசக்கணக்கா உக்காந்திருக்கும், பெரியவங்க ராத்திரி வீட்ல உக்காந்தே டவுன்லோடு பண்ற கேம் கண்ணுலயே படாது.

ஆனா அதையே சொல்லி சோனியை தப்பிக்க விடவும் முடியாது. நிண்டெண்டோவோட பழைய ஸ்விட்ச் மெஷின் ஜப்பான்ல மட்டும் 3.5 கோடி தாண்டிடுச்சு. சோனியோட பிளேஸ்டேஷன் 5 2020-ல வந்தப்ப டிஸ்க் மாடல் வரியோட 54,978 யென், 2022-ல 60,478 ஆச்சு, 2024 செப்டம்பர்ல 79,980, எந்த ஸ்கூல் பையன் வாங்குவான்? யென் மதிப்பு விழுந்ததால பார்ட்ஸ் வாங்குற செலவு ஏறிடுச்சு, புரியுது, ஆனா வாங்குறவன் சம்பளம் யென்ல தானே வருது. கடைசியில சோனியும் 2025 நவம்பர்ல ஜப்பானிய மொழி மட்டும் வர்ற, டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடலை 55,000-க்கு இறக்குனாங்க. லேட்டு, ரொம்ப லேட்டு.

கேள்வி: நண்பர் ஒருத்தர் ஜப்பான் போறாரு. அங்க நிண்டெண்டோவோட புது மெஷின் ஸ்விட்ச் 2 சீப்பாமே, வாங்கிட்டு வரச் சொல்லலாமா?

பதில்: 2025-ல 49,980 யென்னுக்கு வந்த மாடல் தானே சொல்றீங்க? அதுல மெனு முழுக்க ஜப்பானிய மொழி மட்டும் தான், ஜப்பான் அக்கவுண்ட் மட்டும் தான் ஏறும். உங்களை மாதிரி ஆளுங்க நினைச்சு வாங்கிடக் கூடாதுனு தான் அப்படி பூட்டு போட்டிருக்காங்க. எல்லா மொழியும் வர்றது அப்ப 69,980. வேணாம், நண்பரை நிம்மதியா ஊர் சுத்திப் பாக்க விடுங்க.

2025 ஜூன் 5 ரிலீஸுக்கு முன்னாடி நடந்த கூத்து தெரியுமா? நிண்டெண்டோ தன் ஆன்லைன் கடையில குலுக்கல் வச்சாங்க, பழைய ஸ்விட்ச்ல 50 மணி நேரமாவது விளையாடி இருக்கணும், ஆன்லைன் மெம்பர்ஷிப் ஒரு வருஷமாவது கட்டி இருக்கணும்னு கண்டிஷன். அப்படியும் ஜப்பான்ல மட்டும் சுமார் 22 லட்சம் பேர் எழுதிப் போட்டாங்க, நிறைய பேருக்கு கிடைக்காதுனு நிண்டெண்டோ பிரசிடென்டே மன்னிப்பு கேக்க வேண்டியதா போச்சு. பிளாக்ல விக்கிறவனை ஒதுக்க இதை விட நல்ல வழி நான் பாக்கலை.

கேள்வி: டிராகன் குவெஸ்ட் கேம் வேலை நாள்ல ரிலீஸ் ஆகக் கூடாதுனு ஜப்பான்ல சட்டமே இருக்காமே?

பதில்: சும்மா கிளப்பி விட்டது. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, டிராகன் குவெஸ்ட் 3 வந்துச்சு, பசங்க ஸ்கூலுக்கு மட்டம் போட்டு வரிசையில நின்னு போலீஸ் கிட்ட மாட்டினாங்க, அது வரைக்கும் நிஜம். சட்டம் எதுவும் வரலை, கம்பெனியே அடுத்த பாகத்தை 1990-ல ஞாயித்துக்கிழமையில வெளியிட்டாங்க, அவ்வளவு தான். அந்த நாலாம் பாகத்துல தான் இன்னொரு தில்லுமுல்லு, டிராகன் குவெஸ்ட் வேணும்னா விக்காம கிடக்குற வேற கேமையும் சேத்து எடுனு ஒரு மொத்த வியாபாரி கடைக்காரங்க தலையில கட்ட, ஜப்பான் நியாய வர்த்தக ஆணையம் 1992-ல அது தப்புனு தீர்ப்பு கொடுத்துச்சு.

கேள்வி: ஜப்பான்ல செகண்ட் ஹேண்ட் கேம் கடைங்க நிறைய இருக்காம். கம்பெனிங்க விட்டு வச்சிருக்காங்களா?

பதில்: விடலை, கோர்ட்டுக்கு போனாங்க, தோத்தாங்க. 2002 ஏப்ரல் 25, ஜப்பான் சுப்ரீம் கோர்ட்டு பழைய கேம் விக்கிறது சட்டப்படி சரினு சொல்லிடுச்சு. அதுக்கு பதிலா இப்ப டவுன்லோடு இருக்கு பாருங்க, மாரியோ கார்ட் வேர்ல்டு டவுன்லோடு 8,980, பெட்டி 9,980. அந்த 1,000 யென் வித்தியாசம் சும்மா இல்ல. டவுன்லோடை எந்த கடையிலயும் திருப்பி விக்க முடியாது.

கேள்வி: ஜப்பான் மக்கள் வாங்கினா மட்டும் போட்ட பணம் திரும்புமா?

பதில்: பெரிய கேமுக்கு சான்ஸே இல்ல. டோக்கியோ கம்பெனி ஃப்ரம்சாஃப்ட்வேர் பண்ண எல்டன் ரிங் 2022-ல வந்து மூணு வாரத்துக்குள்ள உலகம் பூரா 1.2 கோடி தாண்டுச்சு, அதுல ஜப்பான் 10 லட்சம் சொச்சம். பன்னெண்டுல ஒண்ணு. அதனால தான் எல்லாரும் உலகத்துக்கே சேத்து கேம் பண்றாங்க, அப்படி பண்ணப் போய் பட்ஜெட்டும் உலக லெவலுக்கு போகுது, தப்பு கணக்கு போட்டா அடியும் அதே லெவல்ல தான் விழுது. ஸ்கொயர் எனிக்ஸ் 2024-ல, பண்ணிக்கிட்டு இருந்த கேமுங்க பட்டியலை மறுபரிசீலனை பண்ணப்ப சுமார் 2,210 கோடி யென் நஷ்டம் எழுதினாங்க. கடைக்கே வராத கேமுக்கு போன காசு சார் அது.

கேள்வி: கம்மி செலவுல ஜெயிக்கவே முடியாதா? மனசு உடைஞ்சு போச்சு.

பதில்: உடைய வேணாம். 2005-ல நிண்டெண்டோ டிஎஸ்-க்கு மூளை பயிற்சி கேம் ஒண்ணு வந்துச்சு, மூளை ஆராய்ச்சி பண்ற டாக்டர் கவாஷிமா முகம் வர்றது, பண்ணது 9 பேர், 90 நாள், அப்ப நிண்டெண்டோ பிரசிடென்டா இருந்த சதோரு இவாட்டாவே மேடையில சொன்ன கணக்கு. விலை 2,800 யென். ஜப்பான்ல மட்டும் 38 லட்சத்துக்கு மேல, உலகம் பூரா 1.9 கோடி. கேம் பக்கமே எட்டிப் பாக்காத பாட்டிங்க எல்லாம் மெஷின் வாங்கினாங்க.

அதை விட எனக்குப் பிடிச்சது சுய்கா கேம். பழத்தை மேல இருந்து போடணும், ஒரே பழம் ரெண்டு ஒட்டினா அடுத்த பெரிய பழம், கடைசியில தர்பூசணி, அவ்வளவே தான். புரொஜெக்டர் விக்கிற ஒரு கம்பெனி தன் மெஷினுக்காக பண்ணதை 2021-ல ஸ்விட்ச்ல 240 யென்னுக்கு போட்டாங்க, ரெண்டு வருஷம் நாதி இல்லாம கிடந்துச்சு, 2023 செப்டம்பர்ல ஸ்ட்ரீமிங் பண்றவங்க விளையாட ஆரம்பிச்சதும் தீப்பிடிச்ச மாதிரி பரவி, சில மாசத்துல 50 லட்சம் டவுன்லோடு தாண்டிடுச்சு. இதுவும் டவுன்லோடு தான்கிறதால நீங்க பாக்குற வார பட்டியல்ல ஒரு வாரம் கூட வந்திருக்காது.