கன்று நக்கிய கறுப்புத் தகடு

கேள்வி: டாக்டரம்மா, சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறோம். 14 வெள்ளாடு, 2 நாட்டுப் பசு, ஒரு ஏக்கர் முண்டு மிளகாய். வயலை ஒட்டி, பழைய பேட்டரி உருக்கிய கொட்டகை ஒன்று பல வருடமாக மூடிக் கிடக்கிறது. சுவர் விழுந்துவிட்டதால் ஆடுமாடு உள்ளே போய்ச் சீமைக் கருவேல நெற்றைத் தின்னும். பையன்கள் அந்தச் சிமெண்டுத் தரையில் கிரிக்கெட் விளையாடுவார்கள். போன வாரம் 4 மாதக் கன்று ஒன்று கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. மறுநாள் செத்துப்போனது. அதற்கு முன்னால் அது அங்கே கிடந்த கறுப்புத் தகட்டை நக்கியதை என் மகன் பார்த்திருக்கிறான். 2 ஆட்டுக்குச் சினை கலைந்தது. நெற்று விஷமா? பாலை விற்கலாமா? வெளியே சொன்னால் நம் ஊர் மிளகாயை யாரும் வாங்கமாட்டார்கள், பேசாமல் இரு என்கிறார்கள்.

பதில்: உங்கள் மகன் பார்த்துச் சொன்ன அந்த ஒரு விஷயம் இல்லையென்றால் நானும் வேறு நோயைத்தான் தேடியிருப்பேன், அண்ணன். அவன் பேச்சைத் தட்டாமல் எழுதினீர்களே, அது பெரிய உதவி.

கருவேல நெற்று மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. மாதக்கணக்கில் அதையே தீனியாகத் தின்றால் தாடைச் சதை வற்றும், மெல்ல முடியாமல் மாடு மெலியும். ஆனால் அது மெதுவாக வரும் கோளாறு, இப்படித் திடீரென்று கண்ணைப் பறிக்காது. கண் தெரியாமை, தலையை முட்டி நிற்பது, பல் கடிப்பது, அதுவும் இளங்கன்றில் என்றால், ஈய நஞ்சைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பேட்டரித் தகடு முழுக்க ஈயம். அந்த ருசி மாட்டுக்குப் பிடித்துப்போகும், தேடிப் போய் நக்கும். இப்படிச் செத்த ஒரு கன்றை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். தேன்கூடு போல மடிப்பு மடிப்பாக இருக்கும் இரண்டாவது இரைப்பையில் சாம்பல் நிறச் செதில்கள் படிந்திருந்தன. நெல்மணி அளவுதான், உள்ளங்கையில் வைத்தால் கனத்தது. நகத்தால் கீறினேன், வெள்ளியாக மின்னியது.

ஒரு எச்சரிக்கை. வெறிநோயும் இதே மாதிரி காட்டும். கன்றுக்கு வாயில் மருந்து ஊற்றியவர்கள் யாராவது இருந்தால், கன்றை நாய் கடித்திருக்குமோ என்ற ஐயம் துளி இருந்தாலும் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிடுங்கள். சினை கலைந்ததற்கும் ஈயம் காரணமாக இருக்கலாம், தொற்று நோயாகவும் இருக்கலாம். விழுந்ததை வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

இன்றைக்கே ஆடுமாட்டைக் கொட்டகைப் பக்கம் விடாமல் கட்டுங்கள். கால்நடை மருத்துவரிடம் தகடு விவரத்தைச் சொல்லி, எல்லாவற்றுக்கும் ரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள். இன்னொன்று சுணங்கினால் அவர் பேதி உப்பு கொடுப்பார், வைட்டமின் பி1 ஊசியும் ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசியும் போடுவார். அளவு தப்பினால் ஆபத்து, நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பால், முடிவு வரும்வரை விற்கவும் வேண்டாம், வீட்டில் குடிக்கவும் வேண்டாம். காய்ச்சினால் ஈயம் போகாது. மாடு தின்ற ஈயத்தில் பெரும்பங்கு சாணத்தில்தான் வெளியே வரும் என்பதால் அந்தச் சாணத்தை மிளகாய்க்குப் போடாமல் தனியாகக் குவித்து வையுங்கள்.

சரி, ஆட்டையும் மாட்டையும் பற்றித்தான் கேட்டீர்கள். எனக்குக் கவலை அந்தத் தரையில் கிரிக்கெட் ஆடும் பையன்களைப் பற்றித்தான். மாடு வாயைத் தரையில் வைத்து மேய்வதால் அதற்கு முதலில் தெரிந்துவிட்டது. தவழ்கிற குழந்தையும் தரையைத் தொட்ட கையைத்தான் வாயில் வைக்கிறது. செனகல் நாட்டில் டாக்கர் நகரத்துக்குப் பக்கத்தில் தியாரோய் என்று ஒரு கடலோர ஊர். அங்கே பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுத்தார்கள். ஈயம் கலந்த மணலை மக்கள் சாக்கில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். நம் கரையும் மணல் கரைதான். அந்தக் கொட்டகையிலிருந்து செங்கல்லோ சாம்பலோ மணலோ எடுத்து யாராவது வாசல் மேடாக்கியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள், அதை எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

குழந்தைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சோர்வு, வயிற்றுவலி, படிப்பில் மந்தம் என்று வரும், சேட்டைக்காரன் என்று திட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆகவே ரத்தப் பரிசோதனைதான் வழி. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டரிடம் பேட்டரிக் கொட்டகை என்று சொல்லியே கேளுங்கள். கர்ப்பிணிகளும் போக வேண்டும், தாயின் எலும்பில் தங்கிய ஈயம் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதுவரை வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், செருப்பை வாசலோடு விடுங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும். கேழ்வரகும் நெத்திலியும் தட்டில் இருக்கட்டும். முருங்கைக்கீரையை நன்றாக அலசிச் சமையுங்கள்.

மணலில் தோண்டி இறைக்கும் ஊற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் விடாதீர்கள். பேட்டரி அமிலம் சேர்ந்தால் ஈயம் கீழே இறங்கும். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் குடிநீருக்கு எல்லை.

மிளகாய் விஷயம். காய்க்குள் ஈயம் அவ்வளவாக ஏறாது. கீரைக்கும் கிழங்குக்கும்தான் பயம் அதிகம். மிளகாய்க்கு ஆபத்து தூசி. கொட்டகைப் பக்க மணலில் பழத்தைக் காயப்போடாதீர்கள், தள்ளிப்போய்த் தார்ப்பாயில் காயவையுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் உப்பும் உரச்சத்தும்தான் பார்ப்பார்கள், ஈயம் அதில் வராது. தனியாகக் கேட்டு, காசு கட்டிப் பாருங்கள், காய்ந்த பழத்தையும் சேர்த்து.

பேசாமல் இரு என்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெண் கொடுக்க யோசிப்பார்களே, கமிஷன் கடையில் விலை விழுமே என்ற பயம் எனக்கும் புரிகிறது. ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு வேறு வந்திருக்கிறது. ஆனால் ஈயம் மக்கிப்போகிற பொருள் இல்லை. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமிய ஆலையின் கழிவு இன்னும் நிலத்தடித் தண்ணீரை மஞ்சளாக்குகிறது. மூடி மறைத்த ஊர் மிளகாயை வியாபாரி வதந்தியை வைத்து ஒதுக்குவான். கையில் ஆய்வு முடிவு இருந்தால் எந்த வயல் சுத்தம் என்று நீங்களே காட்டலாம்.

மாசடைந்த இடங்களுக்கென்றே 2025 ஜூலையில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. சந்தேகமான இடத்தைப் பட்டியலிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவது உள்ளாட்சி அல்லது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. சுத்தம் செய்யும் செலவு, கெடுத்தவர் தலையில். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் நாலைந்து குடும்பமாகக் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். ரசீது வாங்குங்கள். ஜேசிபி விட்டு நீங்களே வாராதீர்கள், தூசி ஊரெல்லாம் பரவும். தகட்டைப் பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள், இன்னொரு ஊரில் உருக்குவார்கள். முள் வெட்டி வேலி அடைத்து, பையன்களுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுங்கள்.

கன்றைப் புதைத்த இடத்தில் நாய் தோண்டாமல் கல் ஏற்றி, மருத்துவருக்கு அடையாளம் காட்டுங்கள். அவர் சொன்னால் அதிலிருந்தே மாதிரி எடுக்கலாம்.