ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாருக்கு 70 வருடம் கழித்தும் ஏன் மவுசு குறையவில்லை? அதை உருவாக்கியவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது உண்மையா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உண்மைதான். லியோ ஃபெண்டர் இளவயதில் பியானோ, சாக்ஸபோன் எல்லாம் பழகியிருக்கிறார். கிட்டார் மட்டும் கடைசிவரை கைவரவில்லை. என்னைக் கேட்டால், உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

அவர் 1909இல் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். படித்தது கணக்கியல். ரேடியோ வேலையைத் தானாகக் கற்றுக்கொண்டு, 1938இல் ஃபுல்லர்டன் ஊரில் ரிப்பேர் கடை போட்டார். அந்தப் பக்கத்து இசைக்கலைஞர்கள் பழுதான ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். எந்தப் பொருள் எங்கே உடைகிறது, அதைத் திறப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைத் தினமும் பார்த்த மனிதர் அவர். வாசிக்கத் தெரிந்திருந்தால் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு கிட்டார் செய்திருப்பார். தெரியாததால் வாசிப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார்.

ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு முன்னால் அவருடைய ஃபெண்டர் கம்பெனியில் வந்தது டெலிகாஸ்டர் கிட்டார். உள்ளே குடைவில்லாத ஒரே மரக்கட்டை, அதில் திருகுகளால் பொருத்திய கழுத்து. (கட்டை உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டார் அதற்கு முன்பே சிலர் செய்து பார்த்ததுதான். ஆனால் தொழிற்சாலையில் வைத்து ஏராளமாகச் செய்து விற்கலாம் என்று காட்டியவர் லியோ.) பில் கார்சன் என்ற கிட்டார் கலைஞர் அதை வாசித்துவிட்டு, விளிம்பு விலாவில் குத்துகிறது என்று புலம்பினார். சரி என்று, வயிறு படும் இடத்தையும் முன்கை படும் இடத்தையும் சரிவாகச் செதுக்கினார்கள். இரண்டு கொம்பு வைத்த அந்த வடிவத்தை வரைந்தவர் ஹவாயிலிருந்து வந்த ஃப்ரெடி டவாரஸ். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கடைக்கு வந்தது. விலை 249.50 டாலர்.

இன்றைக்கும் அது ஏன் ஓடுகிறது என்றால், நான் முதலில் சொல்வது அதைத் திறக்கும் சுலபத்தைத்தான். முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் திருகுகளைக் கழற்றினால் மூன்று பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சார சமிக்ஞையாக மாற்றும் பாகம்), குமிழ்கள், ஸ்விட்ச் எல்லாம் அந்தத் தட்டோடு சேர்ந்தே எழுந்து வரும். கழுத்துக்கு நான்கு திருகு, அவ்வளவுதான். என்னிடம் இருப்பது விலை குறைந்த ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் சுருக்கி இப்படித்தான் சொல்வார்கள்) வகை. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்தபோது சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடையில் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் ஒன்றை வாங்கிவந்து நானே சால்டர் வைத்தேன். நான் ஒன்றும் மெக்கானிக் இல்லை. கழுத்தைப் பசை போட்டு ஒட்டிச் செய்த கிட்டாரில் கழுத்து போனால் கைதேர்ந்த ஆளைத் தேடித்தான் போக வேண்டும்.

அடுத்தது சத்தம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மூன்று பிக்கப்புக்கு மூன்று நிலை ஸ்விட்ச் என்றுதான் லியோ வைத்தார், ஒரு நேரத்தில் ஒரு பிக்கப். வாசிப்பவர்களோ ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் பேலன்ஸ் பண்ணி நிறுத்தினார்கள். பக்கத்துப் பக்கத்து பிக்கப் இரண்டும் ஒன்றாக வேலை செய்தால், சில அதிர்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கண்ணாடி மாதிரி மெலிந்த, கொஞ்சம் மூக்கால் பேசும் ஓசை வரும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்ளரின் பழைய பதிவுகளில் கேட்பது இதுதான். கம்பெனி 1977இல்தான் ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டது. அதாவது இந்தக் கிட்டாரின் மிகப் பிரபலமான ஓசையை அதை உருவாக்கியவர் திட்டமிடவே இல்லை!

அவர் நினைத்தபடி நடக்காதது இன்னொன்றும் உண்டு: கம்பிகளை உடலில் தாங்கி நிற்கும் பாலத்தின் மேல் லியோ ஒரு குரோம் மூடியும் கொடுத்தார். பலர் அதைக் கழற்றி ஆஷ்ட்ரேயாக வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயரே ஆஷ்ட்ரே என்று நிலைத்துவிட்டது.

ஆரம்பத்திலிருந்தே இது கொடிகட்டிப் பறந்தது என்று நினைக்காதீர்கள். 1958இல் வந்த ஜாஸ்மாஸ்டரைத்தான் கம்பெனி உசத்தியான மாடலாக விற்றது. அறுபதுகளின் நடுவில் ஸ்ட்ராட் கொஞ்சம் பழைய சரக்காகிப் போயிருந்தது. 1965 ஜனவரியில் லியோ கம்பெனியையே அமெரிக்க ரேடியோ, டி.வி. நிறுவனமான சி.பி.எஸ்.ஸுக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். அப்புறம் வந்தார் இடதுகை ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். வலதுகைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, அமெரிக்க கன்ட்ரி பாட்டு வாசிப்பவர்கள் லேசாக அசைப்பதற்காக வைத்த, சுருதியை ஏற்றி இறக்கும் அசைவுத் தண்டை அவர் படுத்திய பாட்டில், கிட்டாருக்கு மறுபிறவி கிடைத்தது.

எல்லோரும் அதிகம் பேசாத காரணம் ஒன்றும் இருக்கிறது: நகல்கள். உடல் வடிவத்துக்கு வணிகச் சின்ன உரிமை வேண்டும் என்று ஃபெண்டர் கம்பெனி கேட்டபோது, 2009இல் அமெரிக்க வணிகச் சின்னத் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. இத்தனை காலம் இத்தனை பேர் செய்துவிட்ட பிறகு அது பொது வடிவம் ஆகிவிட்டது என்பது தீர்ப்பு. தலைப்பகுதியின் வடிவம் மட்டும் அவர்களுடையது. அதனால் கிட்டார் செய்யும் பல கம்பெனிகளிடம் ஸ்ட்ராட் மாதிரி ஒன்று இருக்கும், உதிரிபாகமும் எளிதாகக் கிடைக்கும்.

பழைய கிட்டார் மோகம் மட்டும் எனக்குப் புரிவதில்லை. பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் 2019 ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. அது அவருடைய கைக்குக் கொடுத்த விலை, மரத்துக்கு இல்லை. லியோவே பழசைக் கொண்டாடியவர் இல்லை. பிற்காலத்தில் தொடங்கிய ஜி அண்ட் எல் கம்பெனியில் செய்தவைதான் தன் சிறந்த கிட்டார்கள் என்பார். 1991இல் இறக்கும்வரை பிக்கப்பையும் பாலத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால் பிராண்டைவிடக் கழுத்தைப் பாருங்கள். ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள்) முனைகள் கீறக் கூடாது. ஐந்து நிலையிலும் ஸ்விட்சை வைத்து வாசியுங்கள். டியூப்லைட் பக்கத்தில் ம்ம்ம் என்று இரைச்சல் வந்தால் பயப்படாதீர்கள். ஒரே கம்பிச்சுருள் கொண்ட (சிங்கிள் காயில்) பிக்கப் அப்படித்தான் இருக்கும்.