மிக்ஸி போட்டாலே காதைப் பொத்தி அலறுகிறான், தலையை இடித்துக்கொள்கிறான். பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைக்கு எப்படி உதவுவது?

முதலில், இது அடம் இல்லை. அடம் என்றால் கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடும். இது மிட்டாய் கொடுத்தாலும் அடங்காது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் வந்தது. அதன் வரையறையே ஒலி, ஒளி, தொடுகை மீதான மிகை உணர்வை ஆட்டிச அறிகுறிகளில் சேர்த்திருக்கிறது.

அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள். "என்னடா கண்ணு, என்ன ஆச்சு" என்று நாலு பேர் சுற்றி நின்று கேட்பதும் இன்னொரு சத்தம்தான். மிக்ஸியை நிறுத்தி, டியூப் லைட்டை அணைத்து, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். தலையை இடித்தால் இறுகப் பிடித்து அடக்காமல், சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணை வையுங்கள். இறுக்கி அணைப்பது சில பிள்ளைகளுக்கு ஆறுதல், சிலருக்கு வேதனை. அவனாகச் சாய்ந்தால் மட்டும் அணையுங்கள்.

திடீரென்று புதிதாகத் தொடங்கியதா? காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றதெல்லாம் அமைதியான நாளில் பழக்க வேண்டியது. மிக்ஸி படம் போட்ட அட்டையைக் காட்டி, காதுமூடி மாட்டிய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். 'போதும்' என்பதற்கு ஓர் அட்டை அவன் கைக்கு எட்டுமாறு இருக்கட்டும். அதைக் காட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள், சட்னி பாதி அரைபட்டிருந்தாலும் சரி.