கட்த்ரோட் பிஞ்ச் (கூண்டில் வளர்க்கும் சிறு ஆப்பிரிக்கப் பறவை): கேட்டதும் சொன்னதும்

கே: ஒரு குஞ்சுக்கு மட்டும் கழுத்தில் சிவப்புப் பட்டை இல்லை. நோயா?

ப: பெண். ஆண் குஞ்சு கூட்டைவிட்டு வரும்போதே பட்டையோடு வரும்.

கே: பெண் பறவை தரையில் உப்பி உட்கார்ந்திருக்கிறது, முட்டை வரவில்லை. விளக்கெண்ணெய் தடவலாமா?

ப: வேண்டாம். சின்னப் பெட்டியில் விட்டு, பல்பு வைத்து உள்ளே 30 டிகிரி வரும்படி பாருங்கள். சூடு தாங்காவிட்டால் விலக ஒரு மூலை இருக்கட்டும். ஈரத்துணி ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் பறவை போய்விடும். இரண்டு மணி நேரத்தில் இடவில்லையென்றால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

இந்த இனத்தில் இது சகஜம். ஒரு வயது ஆகாத பெண்ணை ஜோடி சேர்ப்பது, ஓய்வில்லாமல் அடைக்கு விடுவது, கால்சியம் இல்லாதது, இவைதான் காரணம். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். வெயில் படாத கூண்டென்றால் வைட்டமின் டி3-யும் வேண்டும். அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. வருஷத்துக்கு மூன்று அடை போதும், பிறகு கூட்டைக் கழற்றிவிடுங்கள்.

கே: ஜீப்ரா பிஞ்சோடு (இன்னொரு சிறு கூண்டுப் பறவை) விடலாமா?

ப: கூடாது. செனகலிலிருந்து எத்தியோப்பியா வரையும், தெற்கே போட்ஸ்வானா வரையும் வறண்ட முள்மரப் புல்வெளிகளில் வாழ்கிற பறவை இது. பெரும்பாலும் அங்குள்ள தூக்கணாங்குருவிகள் விட்டுப்போன கூட்டில் நுழைந்து, இறகு பரப்பிக் குடியேறும். கூண்டிலும் அதே புத்திதான்.

இடையில் ஒருவர்: எங்கிட்ட ஒண்ணாத்தான் இருக்கு சார், சண்டையே இல்லை.

ப: கூடு வைத்திருக்கிறீர்களா?

அவரே: இன்னும் வைக்கலை.

ப: வைத்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொருவர்: கூடுதலா நாலு கூடு கட்டினா?

ப: நாலையும் போய்ப் பார்க்கும். ஜீப்ரா முட்டையைத் தள்ளிவிட்டு, இல்லாவிட்டால் அதன்மேலேயே, இறகைப் போடும். ஒரு ஜோடிக்கு 90 செ.மீ. நீளக் கூண்டு, தனியாக. கூட்டுக்கு 15 செ.மீ. சதுரப் பெட்டி, முன்பலகை பாதி திறந்து இருக்கட்டும். காய்ந்த புல்லும் கோழி இறகும் கொடுங்கள். நூல், பஞ்சு வேண்டாம். காலில் சுற்றி இறுகும்.

கே: அடை எத்தனை நாள்? தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

ப: 12, 13 நாள். டார்ச்சை அலமாரியில் வையுங்கள். எட்டிப் பார்த்தால் அடையை விட்டுவிடும்.

கே: குஞ்சுக்குத் தினை போதுமா?

ப: போதாது. காட்டில் கறையான் கிடைக்கும்; இங்கே அவித்த முட்டை, முளைகட்டிய தினை, சின்ன மீல்வார்ம் புழு. மிஞ்சிய முட்டையை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், கெட்டுப்போனதைத் தின்றால் குஞ்சுகள் மொத்தமாகப் போகும்.

கே: பட்டை இல்லை சார், ஆணா பெண்ணா?

ப: முதல் பதில்.

கே: குஞ்சு சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு தடவை திறந்து...

ப: கூடாது. மூன்று வாரத்தில் அதுவே வெளியே வரும்.

கே: என் காக்கட்டீல் கிளி இறகைப் பிடுங்கிக்கொள்கிறது.

ப: கிளி வளர்ப்பவர்களைக் கேளுங்கள்.