கடுகு விதைச் சண்டை
ஐயா, 'கடுகுதான் எல்லா விதையிலும் சிறியது என்கிறது வேதம் (பைபிள்). வேளாண்மை படிக்கும் மகன் தப்பென்கிறான், வீட்டில் தினம் சண்டை' என்று கும்பகோணத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். நான் திருவாரூர்ப் பக்கம் கீரைப்பாத்தி போடுகிறவன். முளைக்கீரை விதையைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, பக்கத்தில் ஒரு கடுகை வையுங்கள். கடுகு குண்டாகத் தெரியும். பையன் சொல்வது சரிதான். ஆனால் மத்தேயு 13:31-ஐப் பாருங்கள், இயேசு சொன்னது உவமை என்று அங்கேயே இருக்கிறது. 'எள்ளளவும் பயமில்லை' என்கிறோமே, எள்ளை யார் அளந்தது?

அதற்காக எல்லாமே உவமை என்று பையன் கிளம்பினால் விடாதீர்கள். கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் (1 கொரிந்தியர் 15) அப்போஸ்தலர் பவுல் இயேசுவின் உயிர்த்தெழுதலை நடந்த செய்தியாக, கண்டவர்களின் பட்டியலோடு எழுதுகிறார். அப்புறம், உலகப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது, அது இதைவிடப் பெரிய சண்டை.