பழைய புகைப்படம் எடுத்த இடத்தைத் தேடி மோட்டார் சைக்கிளில் போனதுண்டா? அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு கண்டீர்கள்?

போயிருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போகின்றன. ஊர் மதுரை. வண்டி பன்னிரண்டு வயதான ஸ்ப்ளெண்டர். பெட்ரோல் டேங்க் மேல் கட்டிய பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட நான்கைந்து படங்கள், ஒரு பென்சில், ஒரு பாட்டில் தண்ணீர். அவ்வளவுதான் சாமான்.

நான் தேடுபவை பெரும்பாலும் ஒரே மனிதர் எடுத்த படங்கள். லின்னேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இருந்த அதிகாரி. சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. 1857 டிசம்பரில் புறப்பட்டு, பெட்டிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை என்று 1858 ஏப்ரல் வரை சுற்றியிருக்கிறார். பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதத்தில்தான் நெகட்டிவ். பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் அந்தப் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். முதன்முதலில் யானைமலையின் படத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் வேலைக்குப் போகும்போது கண்ணில் படுகிற மலை. அதை 1858இல் ஒருவர் நின்று பார்த்திருக்கிறார். எங்கே நின்றார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மேலூர் சாலையில் ஒத்தக்கடை பக்கம் போகிறவர்களுக்கு யானைமலை படுத்திருக்கும் யானையாகத் தெரியும். ட்ரைப் எடுத்த கோணத்தில் யானையே இல்லை. மலையின் நீளத்தை விட்டுவிட்டு ஒரு முனையிலிருந்து எடுத்திருக்கிறார். அதனால் சாலையிலிருந்து தேடிப் பயனில்லை. ஒத்தக்கடை, நரசிங்கம், கொடிக்குளம் என்று மலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கார் போகாத வண்டித் தடங்கள், வாய்க்கால் கரைகள், வரப்புகள். இந்த வேலைக்கு மோட்டார் சைக்கிள்தான் ஏற்றது என்று அன்றுதான் புரிந்தது. நூறு அடிக்கு ஒரு முறை நிறுத்தி, படத்தைக் கையில் பிடித்து மலையோடு ஒப்பிட்டு, மறுபடி கிளப்ப வேண்டியிருக்கிறது. நடந்தால் நாள் போதாது.

மரம், வீடு, பாதை எதுவும் சாட்சிக்கு நிற்கவில்லை. காட்டிக்கொடுத்தது பாறைதான். மழைநீர் வழிந்து வழிந்து மலை முகத்தில் கருப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. படத்தில் இரண்டு கோடுகள் கவட்டைபோலச் சேரும் ஓர் இடம் உண்டு. மூன்றாவது ஞாயிறு காலை, ஒரு கிணற்று மேட்டில் வண்டியை நிறுத்தி நிமிர்ந்தபோது அதே கவட்டை கண் முன்னால் இருந்தது. கீழே உள்ள விரிசல், மேலே உள்ள மேடு, எல்லாம் வரிசையாகப் பொருந்தின. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைபேசியை எடுக்கவே சில நிமிடங்கள் ஆயின.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்து என்னவென்று விசாரித்தார். படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மலை அப்படியேதான் இருக்கிறது தம்பி, நாங்கள் விட்டிருந்தால்தானே?" என்றார். அவர் சொன்னது 2010ஆம் ஆண்டுக் கதை. யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஒன்று வந்தது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. சமணர் சிற்பங்களும், கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரையும் இருக்கும் மலை அது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால், கிரானைட்டுக்காக அறுத்து எடுக்கப்பட்ட குன்றுகளும் தண்ணீர் தேங்கிய பள்ளங்களும்தான். அவற்றின் பழைய படம் கிடைத்தால்கூட ஒப்பிட்டுப் பார்க்கக் குன்று இல்லை. யானைமலைப் படங்கள் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் பலரும் "ஒன்றுமே மாறவில்லையே" என்று ஏமாற்றத்தோடு சொல்கிறார்கள். எனக்கோ நான் எடுத்ததிலேயே பெரிய படம் அது. மாறாமல் இருப்பதற்கும் ஆட்கள் பாடுபட வேண்டியிருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. படத்தில் அருகே இருக்கும் ஒரு பொருளையும் தொலைவில் இருக்கும் ஒரு பொருளையும் பிடித்துக்கொள்ளுங்கள். அருகே உள்ள தூணின் விளிம்பு, பின்னால் உள்ள மாடத்தை எந்த இடத்தில் மறைக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஓரடி நகர்ந்தால் அந்தச் சேர்க்கை மாறிவிடும். ஜூம் செய்தால் படம் பெரிதாகுமே தவிர சேர்க்கை மாறாது. அது பொருந்தும் வரை காலை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு நிழல். ட்ரைப் மதுரையில் எடுத்தது தை, மாசி வாக்கில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சித்திரையில் போனால் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் அடிக்கும், நிழல் ஒருநாளும் பொருந்தாது. மேகத்தை மட்டும் நம்பாதீர்கள். காகித நெகட்டிவில் வானம் சரியாக விழாது என்பதால் அவர் பல படங்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார். ஆள் இல்லாத தெருவையும் நம்ப வேண்டாம். ஒரு படத்துக்கு நெடுநேரம் ஒளி விழ வேண்டியிருந்தது. நடந்து போனவர்கள் படத்தில் பதியவே இல்லை. "அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறது" என்று யாராவது பெருமூச்சு விட்டால் நான் இதைச் சொல்வதுண்டு.

நகருக்குள் எனக்கு மிகவும் பிடித்த இடம் விளக்குத்தூண். மதுரைக்காரர்களுக்கு அது பஸ் நிற்கும் இடம், ஜவுளிக் கடை, நெரிசல். அது கலெக்டர் பிளாக்பர்னுக்காக நட்ட நினைவுத்தூண் என்று எனக்கே ட்ரைப் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியவிட்டவர் பிளாக்பர்ன். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். அந்த வீதிகளில் எத்தனையோ முறை சைக்கிளிலும் பிறகு வண்டியிலும் போயிருக்கிறேன். கோட்டை நின்ற இடத்தில் ஓட்டுகிறேன் என்ற நினைப்பு ஒரு நாளும் வந்ததில்லை. படத்தில் தூண் தன்னந்தனியாக, அண்ணாந்து பார்க்க வைக்கும்படி நிற்கிறது. அந்தச் சட்டகத்தை மறுபடி பிடிக்க ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் போக வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் சுமை ஆட்டோக்கள் வந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய மாதம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் திருமலை நாயக்கர் மகால். இங்கேதான் என் எண்ணம் தலைகீழானது. பழைய படம் என்றால் அழகான கட்டடம் இருக்கும், இன்று போனால் அது சிதைந்திருக்கும் என்றுதான் வீட்டிலிருந்து புறப்படும்போதே நினைத்திருந்தேன். மகாலின் 1858ஆம் ஆண்டுப் படங்களில் இருப்பது இடிபாடு. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க வைத்தார். அதன் பிறகு ஏறத்தாழ நூறாண்டு நீதிமன்றம் அங்கே நடந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கும் வளைவுகளில் எது நாயக்கர் காலத்தது, எது பழுதுபார்த்தபோது பூசியது என்று நான் ஒரு காலை முழுவதும் படத்தை வைத்துக்கொண்டு பென்சிலால் குறித்தேன். பழைய படம் இருந்ததால்தான் அது முடிந்தது. நேப்பியர் கை வைத்திராவிட்டால் மகாலின் இருப்பிடம் இன்னொரு ஜவுளிச் சந்தாகியிருக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

புது மண்டபமும் அப்படியே. என் சிறுவயதில் அது தையல்காரர்கள், புத்தகக் கடைகள், பாத்திரக் கடைகளின் உலகம். பள்ளிச் சீருடை தைக்க அம்மா அங்கேதான் கூட்டிப்போவார். இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே தூணில் இருக்கும் நாயக்கர் சிலைகளில் அளவு நாடா தொங்கும். சில ஆண்டுகளுக்கு முன் கடைகளை அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்று எடுக்கும் படம் என் சிறுவயதுப் படத்தைவிட ட்ரைப் எடுத்த தூண் வரிசைக்கு நெருக்கமாக இருக்கிறது. கல்லுக்கு அது நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அளவு நாடா தொங்கிய அந்தத் தூணை யாராவது அன்று படம் எடுத்திருந்தால் நான் அதற்கு என்ன விலையும் கொடுப்பேன். உங்கள் ஊரில் இப்போது சாதாரணமாகத் தெரிகிற கடையை, நிறுத்தத்தை, திண்ணையைத் தயவுசெய்து படம் எடுத்து வையுங்கள். பின்னால் தேதியும், நின்ற இடமும், பார்த்த திசையும் எழுதுங்கள்.

வைகையில் தோற்றேன். ஆற்றைக் குறுக்கே கடந்து மதுரைக்குள் வரும் தரைப்பாலத்தின் படம் அது. ஆல்பர்ட் விக்டர் பாலம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தையது. பெரியாறு அணை 1895, வைகை அணை 1959. இவை எதுவும் இல்லாத ஆறு. நான் நின்ற கரையில் இன்று கான்கிரீட் சுவரும் அதன்மேல் சாலையும் வந்துவிட்டன. ட்ரைப்பின் கேமரா இருந்த உயரம் எனக்கு அகப்படவே இல்லை. ஐந்து முறை போனேன். கடைசி முறை ஆற்றுக்குள் இறங்கினேன். மணலைத் தேடிய காலுக்குக் கருவேல முள்ளும் சாக்கடை நாற்றமும்தான் கிடைத்தன. படத்தை உறைக்குள் வைத்துவிட்டு வந்தேன். அதை இன்னும் வெளியே எடுக்க மனம் வரவில்லை.

திருச்சி மலைக்கோட்டைப் படங்கள் எளிது, பாறை உச்சியே வழிகாட்டும். கடைப் பலகைகளுக்கு நடுவே கை நீட்ட இடம் கிடைத்தால் போதும். தஞ்சைக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்கினேன். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை ட்ரைப் தனித்தனியாக 21 படங்கள் எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளச் சுருளாக்கியிருக்கிறார். அதைச் சிறிதாக அச்சிட்டு ஒட்டி, சப்பாத்திக் கட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு விடியுமுன் புதுக்கோட்டை வழியாகப் போனேன். சாய்ந்த காலை வெயிலில்தான் எழுத்துகள் துலக்கமாகத் தெரியும். சுருளை விரித்தபடி அடித்தளத்தைச் சுற்றி ஒவ்வோர் அடியாக நகர்ந்தேன். ஓரிடத்தில் ஓர் எழுத்தின் கால் பக்கத்தில் நெல்மணி அளவுக்குக் கல் பெயர்ந்திருந்தது. சுருளிலும் அதே எழுத்து, அதே பெயர்ப்பு. ஆயிரம் ஆண்டுக் கல்லில் அந்தச் சின்ன வடு 1858க்கு முன்பே விழுந்துவிட்டது, அதற்குப் பிறகு ஒரு மணல்கூடப் பெரிதாகவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த காவலர் ஒருவர் தானும் குனிந்து, படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த ஒரு மணி நேரம் சுருளின் மறுமுனையைப் பிடித்தபடி என்னோடு அவரும் நகர்ந்து வந்தார்.

அடுத்தது கிருஷ்ணகிரி மாவட்டத்து இராயக்கோட்டை. மலை உச்சியிலிருந்து வடக்கும் வடமேற்கும் கலந்த திசையை நோக்கி எடுத்தது என்று ட்ரைப் தலைப்பிலேயே திசையைக் குறித்திருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே அவரைக் கும்பிட வேண்டும். மதுரையிலிருந்து ஒரு முழு நாள் ஓட்டம். செயின் மாற்றியாகிவிட்டது, படம் பைக்குள் இருக்கிறது. தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறேன். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மலைமேல் ஏறும் பாதை இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.