வெளிநாட்டில் வாழ்ந்த பெண் ஓவியர் உங்கள் குடும்பத்தில் உண்டா? அவரைப் பற்றி என்ன நினைவிருக்கிறது?

உண்டு. என் அத்தை, அப்பாவின் தங்கை. மலேசியாவின் பினாங்கில் பிறந்து, எழுபதுகளில் தாதியர் பயிற்சிக்கு இங்கிலாந்து போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வேலை போக மற்ற நேரமெல்லாம், துணியில் மெழுகும் சாயமும் கொண்டு வரையும் பாத்தேக் ஓவியம்தான்.

பாத்தேக்கைச் சட்டைத் துணியிலிருந்து ஓவியமாக உயர்த்தியவர் எங்கள் பினாங்கின் சுவா தியான் தெங். சிறுமியாக இருந்தபோது அவர் ஓவியங்களைப் பார்த்து அத்தைக்கு வந்த ஆசை இது. பாரிஸில் படித்த ஓவியர் ஜார்ஜெட் சென் 1951இல் பினாங்குக்கு வந்து இந்த மண்ணை வரையத் தொடங்கினார். அத்தையோ பினாங்கை விட்டுப் போய், கடைசிவரை பினாங்கை மட்டுமே வரைந்தார்.

எங்கள் வீட்டில் இருப்பது தைப்பூசத்துக்கு முதல் நாள் படம். செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் மலைபோலக் குவித்துத் தேங்காய் உடைப்பார்கள் அல்லவா, அந்தச் சாலை. ரதம் படத்தில் இல்லை. தேங்காய்ச் சில்லுகள் மட்டும். பாத்தேக்கில் வெள்ளை வேண்டிய இடத்தைச் சாயம் தொடுமுன்பே மெழுகால் மூடிவிட வேண்டும். அதனால் அத்தை முதலில் வரைந்தது ஒவ்வொரு சில்லின் வெள்ளையையும்தான். அப்புறம் சாயமேற்றிய சாலைப் பகுதியையும் மெழுகால் மூடி, மெழுகு காய்ந்த துணியைக் கசக்கியிருக்கிறார். வெடிப்புகளில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடியிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் அசல் தார்ச்சாலை!

அந்தப் படத்துக்காக அவர் அப்பாவுக்கு எழுதிய நீல நிற விமானக் கடிதம் இன்னும் இருக்கிறது. நலம் விசாரிப்பு இரண்டே வரி. மீதியெல்லாம் கேள்விகள்: "இளநீர் ஓடிய இடத்தில் தார் எவ்வளவு கறுப்பாகத் தெரியும்? சில்லுகள் மல்லாந்து கிடக்குமா, குப்புறவா?" அந்த வருடம் அப்பா ரதத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார் என்று அம்மா சொல்வார்.

சொந்தக்காரர்கள் சிலர் அதைப் பொழுதுபோக்கு என்பார்கள். எனக்குக் கோபம் வரும். இரவு வேலை முடித்து வந்து, வாடகை அறையில் மெழுகு காய்ச்சி, கை சுட்டுக்கொண்டு வரைந்தவர் அவர். அத்தை ஓவியர், சந்தேகமே வேண்டாம்.

பினாங்கின் ஈரக்காற்றில் துணி பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போட்டிருக்கிறோம். மற்ற படங்கள் உறவினர் வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் புகைப்படம் எடுத்து வருகிறேன்.